எதிரெதிர்த் தரப்புகளை ஒரே பெஞ்சில் உட்காரவைப்பது எப்படி: ஊர்ப் பேச்சுவார்த்தைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மரியாதையாகப் பேசுங்கள் என்று அறிவுரை சொல்கிறவர்கள் பெரும்பாலும் குரலைப் பற்றித்தான் சொல்கிறார்கள். சத்தம் போடாதீர்கள், குறுக்கே பேசாதீர்கள், கோபத்தைக் காட்டாதீர்கள் என்பார்கள். எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இந்த அறிவுரையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடிநீர்க் குழாய்ச் சண்டையைக்கூடத் தீர்க்க முடியாது. தேன் ஒழுகும் குரலில் "உட்காருப்பா" என்று சொல்லிக்கொண்டே தரையைக் காட்டுகிறவர்களை இங்கே எல்லாருக்கும் தெரியும்.

யார் நாற்காலியில், யார் திண்ணைக்குக் கீழே, யாருக்கு எந்த டம்ளர், எந்த வயதுக்காரர் எந்த வயதுக்காரரை "வா, போ" என்கிறார் என்பதில்தான் இந்த மண்ணில் மரியாதை குடியிருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் பேச்சுக்கலை குறைவாகவும் ஏற்பாட்டு வேலை அதிகமாகவும் இருக்கும். சாதியாலோ கட்சியாலோ மதத்தாலோ பிளந்து நிற்கிற ஊரில் இரு தரப்பையும் பேசவைக்க வேண்டிய பொறுப்பு யார் தலையில் விழுகிறதோ, அவருக்காக எழுதியது இது. அவர் பள்ளி ஆசிரியராக இருக்கலாம், மகளிர் குழுத் தலைவியாக இருக்கலாம், விவசாயச் சங்கச் செயலாளராக இருக்கலாம். பெங்களூரு வேலையிலிருந்து வார இறுதிக்கு ஊர் வந்து மாட்டிக்கொண்ட இளைஞராகவும் இருக்கலாம்.

முதல் படி: இது பேச வேண்டிய விஷயம்தானா என்று பாருங்கள்

எதையும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்ற வாக்கியத்தை நம்பாதீர்கள். அரூர்ப் பக்கம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து அந்தப் பழங்குடி மக்களுக்குச் செய்த கொடுமையை எந்த அமைதிக் கூட்டத்தில் பேசியிருக்க முடியும்? கூட்டத்தைக் கூட்ட வேண்டிய துறைகளே குற்றவாளிக் கூண்டில் இருந்தன. மக்கள் விடாமல் வழக்கு நடத்தினார்கள். 2011 செப்டம்பரில் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. அங்கே தேவைப்பட்டது நீதி. பேச்சுவார்த்தைக்கு அதில் வேலையே இல்லை.

2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய்ப் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்ததையும் இந்த மாவட்டம் மறக்கவில்லை. ஒரு கலப்புத் திருமணத்தை ஒட்டி வந்தது அந்த வெறி. வயது வந்த இருவர் திருமணம் செய்துகொள்வது மூன்றாவது ஆள் சம்மதம் சொல்ல வேண்டிய பொருளே கிடையாது. அப்படி ஒரு திருமணத்தைத் தடுப்பதற்காக யார் கூடினாலும் அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்கு முன்பே, 2011இல், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் கட்டப்பஞ்சாயத்தைச் சட்டவிரோதம் என்று அதே நீதிமன்றம் கண்டித்திருந்தது. அந்தத் தீர்ப்பைத் தேடிப் படித்துப் பாருங்கள்; இரட்டை டம்ளர் முறையையும் அதே தீர்ப்புதான் கண்டிக்கிறது. டம்ளரும் பஞ்சாயத்தும் ஒரே காகிதத்தில் வந்தது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அடிதடி, கொலை மிரட்டல், பாலியல் வன்முறை, தீவைப்பு, சாதி பெயர் சொல்லி இழிவுபடுத்துவது ஆகியவை காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உரியவை. பாதிக்கப்பட்டவர் தலித் அல்லது பழங்குடி என்றால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. "ஊருக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம், புகார் எதற்கு" என்று உங்களையே தூது அனுப்பப் பார்ப்பார்கள். போகாதீர்கள். பொதுப் பாதையில் பிணத்தைக் கொண்டுபோகும் உரிமையும் பேரத்துக்கு வராது. அந்தப் பாதையில் எந்த நேரத்தில் எவ்வளவு சத்தமாக மேளம் அடிப்பது என்பதை வேண்டுமானால் பேசலாம். தண்ணீர் முறை, வரப்பு, மேய்ச்சல், கொடிக்கம்பம் நடும் இடம், பண்டிகை வரி, ஒலிபெருக்கி, விளைபொருள் விலை என்று பேச வேண்டியவை போதுமான அளவுக்கு இருக்கின்றன.

சந்தேகமாக இருந்தால் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இந்தக் கூட்டத்திலிருந்து ஒரு தரப்பு "எங்களுக்குச் சம்மதமில்லை" என்று எழுந்து போனால் நாளைக்கு அவர்களுக்கு என்ன ஆகும்? கூலி வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள், கடையில் சாமான் தர மாட்டார்கள், ஊர்விலக்கு வரும் என்பது பதிலானால், நீங்கள் கூட்டப்போவது பேச்சுவார்த்தை ஆகாது. முதலில் வட்டாட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ எழுத்தில் மனு கொடுத்து, மனு பெற்றதற்கான ரசீதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தனித்தனியாக, வீட்டுக்கே போய்க் கேளுங்கள்

இரு தரப்பையும் முதல் நாளே ஒன்றாக உட்காரவைப்பது அவசரக்காரர்களின் வேலை. பொதுவில் மைக் முன்னால் யாரும் தங்கள் உண்மையான குறையைச் சொல்வதில்லை. தங்கள் ஆட்கள் கைதட்டுகிற குறையைத்தான் சொல்வார்கள்.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். நிலத்தடி நீரில் புளோரைடு கூடி, குழந்தைகளின் பல்லில் காவி படிந்த மாவட்டங்கள் இவை இரண்டும். அதற்காகவே ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் ஆற்றுத் தண்ணீர் ஊர்த் தொட்டிவரை வந்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடாது. அது தொட்டியிலிருந்து தெருவுக்கு இறங்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. மேல்நிலைத் தொட்டி ஒரு தெருவில் இருக்கிறது. காலனி குழாயின் கடைசியில் இருக்கிறது. நடுவில் வால்வைத் திறக்கிற டேங்க் ஆபரேட்டர் ஒருவர், இரு தரப்பிடமும் திட்டு வாங்கிக்கொண்டு.

இப்படி ஒரு சண்டையில் ஒரு பெரியம்மாவிடம் நோட்டுப் புத்தகமும் கையுமாகக் குறை கேட்டுக்கொண்டிருந்தேன். "தண்ணீர் போதவில்லை" என்று எழுதி வாசித்துக் காட்டினேன். அவர் தலையசைக்கவில்லை. "போதவில்லை என்று எழுதாதே தம்பி. அவர்கள் மாடு கழுவி முடித்த பிறகுதான் எங்களுக்குத் திறக்கிறார்கள் என்று எழுது" என்றார். அளவைப் பற்றியது என்று எல்லாரும் நினைத்திருந்த சண்டை, வரிசையைப் பற்றியதாக இருந்தது. அடுத்த தெருவில் கேட்டபோது அங்கே மாடு கழுவுகிறவர்களுக்கும் ஒரு குறை இருந்தது: காலையில் பால் சொசைட்டிக்கு ஊற்றும் நேரத்துக்கு முன்பே மாட்டுக்குத் தண்ணீர் வேண்டும், எட்டு மணிக்குத் திறந்து பயனில்லை. இரண்டு குறைகளையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால், பாதித் தீர்வு அந்தப் பக்கத்திலேயே இருந்தது.

முறை எளிதானது. அவர் சொன்னதை அவர் சொல்லாலேயே எழுதுங்கள். உடனே திரும்ப வாசித்துக் காட்டுங்கள். "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்கிறவரை திருத்திக்கொண்டே இருங்கள். கூட்டத்தன்று முதல் வேலையாக, ஒரு தரப்பின் குறையை மறு தரப்பிலிருந்து ஒருவரை வாசிக்கச் சொல்லலாம். எதிராளியின் வருத்தத்தை நம் வாயால் சொல்ல வேண்டி வரும்போது தொண்டையில் ஏதோ அடைக்கும். அடைக்கட்டும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு தரப்பிலும் ஆண்களை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். தண்ணீர் பிடிப்பது யார், ரேஷன் கடையில் நிற்பது யார் என்று யோசித்துவிட்டு அவர்களிடம் போங்கள். அவர்கள் களையெடுக்கப் போகாத நேரம் எது என்று தெரிந்துகொண்டு போவதும் மரியாதையில் சேர்ந்ததுதான்.

மூன்றாம் படி: இடம், நேரம், நாற்காலி, டம்ளர்

இந்த வழிகாட்டியில் வேறெதைத் தாண்டிப் போனாலும் இதைத் தாண்டாதீர்கள்.

நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்து பார்த்திருப்பீர்கள். கிருஷ்ணன் தூது இரவில், தூதுவன் வரும்போது சபையில் ஒருவனும் எழுந்திருக்கக் கூடாது என்று துரியோதனன் உத்தரவு போடுவான். அது போதாதென்று, கிருஷ்ணனுக்குப் போடுகிற ஆசனத்துக்குக் கீழே குழி வெட்டி ஆட்களை ஒளித்துவைப்பான். கூத்துப் பார்க்கிற பாட்டிக்குக்கூடத் தெரியும், தூது அந்த இடத்திலேயே முறிந்துவிட்டது என்று. ஐந்து ஊர் கேட்பதும் ஐந்து வீடு கேட்பதும் அப்புறம் வருகிற சடங்கு. விடிய விடிய அதைப் பார்த்துவிட்டு, மறுநாள் நம் ஊர்க் கூட்டத்தில் ஒரு தரப்புக்கு நாற்காலியும் இன்னொரு தரப்புக்கு வேப்பமரத்து வேரும் ஒதுக்குகிற சாமர்த்தியம் நமக்குத்தான் வரும்.

இடத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு தரப்பு உள்ளே வரத் தயங்குகிற கோயில் மண்டபம் வேண்டாம். எந்தத் தரப்பின் பெரியவர் வீட்டுத் திண்ணையும் வேண்டாம். கட்சிக் கொடி கட்டிய இடம் வேண்டாம். ஊராட்சி அலுவலகம் பொது இடம்தான். ஆனால் அதன் தலைவரே ஒரு தரப்பாக இருந்தால் அதுவும் வேண்டாம். எனக்குத் தெரிந்து எல்லாருக்கும் ஒத்துவருவது அரசுப் பள்ளி வகுப்பறைதான். இரு தரப்புப் பிள்ளைகளும் அதே பெஞ்சில்தான் தினமும் உட்காருகிறார்கள். பெரியவர்களுக்குப் பெஞ்சு கொஞ்சம் குட்டையாக இருக்கும், முழங்கால் இடிக்கும். அதில் ஒரு நன்மையும் உண்டு: அந்தப் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார யாராலும் முடியாது. தலைமை ஆசிரியரிடம் முறைப்படி அனுமதி கேட்டு, விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தில் ஒரு தரப்பை வெளியே தள்ளிவிடுவது நாற்காலியில் தள்ளுவதைவிட எளிது. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் நிலம் வைத்திருப்பவர் வருவார், கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை இழந்துதான் வர முடியும். பெங்களூரில் கட்டட வேலை செய்கிறவர்கள், ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்க்கிறவர்கள் வார இறுதியில்தான் ஊரில் இருப்பார்கள். மாலையில் பால் ஊற்றி முடிந்த பிறகு, இரவு கடைசி டவுன் பஸ் போவதற்கு முன்பு என்று ஒரு இடைவெளி கிடைக்கும். அதைப் பிடியுங்கள்.

நாற்காலி எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி போதாவிட்டால் எல்லாரும் பாயில் உட்காருங்கள். "பெரியவர், முழங்கால் வலி" என்று ஒருவருக்கு மட்டும் நாற்காலி கேட்பார்கள். நியாயமான கோரிக்கைதான், அப்படியானால் மறு தரப்பின் வயதானவருக்கும் ஒரு நாற்காலி. வட்டமாக உட்காரவையுங்கள். மேடை, பொன்னாடை, முன்வரிசை எதுவும் வேண்டாம். பெண்கள் கதவோரம் நின்று கேட்கும் வழக்கத்தை முறிக்க வேண்டுமானால் அவர்களை முதலில் வரச்சொல்லி உட்காரவைத்துவிடுங்கள். பிறகு வருகிற ஆண்கள் மிச்ச இடத்தைப் பிடித்துக்கொள்ளட்டும்.

டம்ளர் விஷயத்தைச் சின்ன விஷயம் என்பவர்களுக்கு: இதே தருமபுரி மாவட்டத்தில் 2024இல் வயல் வேலைக்கு வந்த தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் தேநீர் கொடுத்தது வழக்காகி, கைது வரை போனது. கூட்டத்துக்கு ஒரே கேனில் டீ வாங்குங்கள், ஒரே வகை டம்ளரில் ஊற்றுங்கள், ஊற்றுகிற ஆள் வரிசையாகப் போகட்டும். காகிதக் கப் வாங்கிவிட்டால் வம்பே இல்லை என்று சிலர் சொல்வார்கள். அதில் எனக்கு முழு உடன்பாடு கிடையாது. கழுவத் தேவையில்லாத கப் எதை மறைக்க வந்தது என்று இரு தரப்புக்கும் தெரியும். எவர்சில்வர் டம்ளரே வையுங்கள். யார் குடிக்காமல் வைத்துவிட்டுப் போகிறார் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள், சொல்லிக்காட்டாதீர்கள். அவரிடம் தனியாகப் போய்ப் பேச வேண்டிய வேலை உங்களுக்கு இருக்கிறது.

நான்காம் படி: அளந்துவிட்டு வாருங்கள்

கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையில், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற இடத்தில் பிலிகுண்டுலு இருக்கிறது. மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் அங்கேதான். காவிரி நடுவர் மன்றம் 1990இல் அமைந்து, 2007இல் இறுதித் தீர்ப்புச் சொன்னபோது கர்நாடகம் தர வேண்டியது 192 டி.எம்.சி. என்றது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதில் 14.75 டி.எம்.சி.யைக் குறைத்து 177.25 என்று வைத்தது. எந்த எண்ணாக இருந்தாலும் அதை அளக்கிற இடம் பிலிகுண்டுலு. இரு மாநிலங்களும் பங்கைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். ஆற்றில் எவ்வளவு வந்தது என்பதற்கு ஒரு பொதுக் கணக்கு அங்கே இருக்கிறது.

உங்கள் ஊர்ச் சண்டைக்கும் இப்படி ஓர் அளவுகோல் வேண்டும், அதுவும் கூட்டத்துக்கு முன்பே வேண்டும். தண்ணீர்ச் சண்டையானால் ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு தெருக் குழாயிலும் ஒரு குடம் நிரம்ப எத்தனை நிமிடம், எத்தனை மணிக்குத் திறந்தது, எப்போது நின்றது என்று எழுதவேண்டும். எழுதுகிறவர் இருவர்: ஒரு தரப்புக்கு ஒருவர், இருவரும் சேர்ந்தே எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும். நீங்கள் தனியாக அளந்துவந்தால் அது உங்கள் கணக்கு. வரப்புச் சண்டையானால் நில அளவரை வரவழையுங்கள். பண்டிகை வரிச் சண்டையானால் போன வருட வரவு செலவு நோட்டு.

மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் நடப்பதைப் பாருங்கள். பெங்களூரா மாங்காய்க்கு விலை கட்டவில்லை என்று விவசாயிகள், மாங்கூழ் தேங்கிக் கிடக்கிறது என்று ஆலைகள், நடுவில் மாவட்ட ஆட்சியர் தலைமையில் முத்தரப்புக் கூட்டம். பழுக்கிற சரக்கை வைத்துக்கொண்டு விவசாயியால் நாலு நாள் காத்திருக்க முடியாது, ஆலையால் முடியும். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தாலும் கடிகாரம் ஒருவர் பக்கம்தான் ஓடுகிறது. பூவெடுத்த காலத்திலேயே பேச்சைத் தொடங்கச் சொல்வது இதனால்தான். மரத்தில் காய் இருக்கும்போது பேசினால் விவசாயி பேசுகிறார். லாரியில் ஏற்றிய பிறகு பேசினால் கெஞ்சுகிறார்.

எண்கள் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2003இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் இரு மாநில விவசாயிகள் சந்தித்து, காவிரிக் குடும்பம் என்ற பெயரில் ஒன்றுகூடினார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் பேசினார்கள். ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்த்தார்கள். பங்கீட்டுச் சண்டையை அவர்களால் முடித்துவைக்க முடியவில்லை, அது உச்ச நீதிமன்றத்தில்தான் முடிந்தது. ஆனாலும் எதிராளியின் காய்ந்த வயலில் நின்று பார்த்த ஒருவர், அவர்கள் வேண்டுமென்றே நம்மைப் பட்டினி போடுகிறார்கள் என்று ஊருக்குத் திரும்பிவந்து பேசுவது கடினம். உங்கள் ஊரில் இதற்குப் பணமும் வேண்டாம், பயணமும் வேண்டாம். கூட்டத்துக்கு முன்னால் இரு தரப்பிலிருந்தும் இரண்டிரண்டு பேர் விடியற்காலையில் எல்லாக் குழாயடியிலும் ஒன்றாக நின்றால் போதும்.

ஐந்தாம் படி: பேசும்போது

இப்போதுதான் பேச்சு. அறிவுரைப் புத்தகங்கள் தொடங்குகிற இடத்துக்கு நாம் இப்போதுதான் வந்திருக்கிறோம்.

யாருக்கு அந்த ஊரில் குரல் குறைவோ அவர் முதலில் பேசட்டும். பெரியவர் முதலில் பேசுவதுதான் வழக்கம் என்பார்கள். பெரியவர் பேசி முடித்த பிறகு அவருக்கு மாறாகப் பேச எத்தனை பேருக்குத் துணிவு வரும் என்று அவரிடமே தனியாகக் கேட்டு, முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்வார்கள், கடைசியில் பேசுவது அவர்களுக்கும் கௌரவம்தான்.

வயதில் மூத்தவரை யாரும் ஒருமையில் பேசக் கூடாது. இருபது வயதுப் பையன் அறுபது வயதுக்காரரை, அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்பதை வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. கூட்டத்தில் அது நடந்தால் உடனே நிறுத்துங்கள். சொற்பொழிவு வேண்டாம், "தம்பி, அண்ணன் என்று சொல்லிப் பேசுங்கள்" என்றால் போதும். சித்தப்பா, பெரியம்மா, மாமா என்ற முறைப்பெயர்கள் சாதிக் கோட்டைத் தாண்டிப் புழங்குவதற்கு ஒரு நல்ல வாய்ப்பு இது. "உங்கள் ஆட்கள்", "இந்தக் கூட்டமே இப்படித்தான்" என்று யார் தொடங்கினாலும், "எந்த ஆள், எந்த நாள், என்ன செய்தார்?" என்று கேளுங்கள். பதில் இருந்தால் அது பேச வேண்டிய பொருள். பதில் இல்லையென்றால் பேச்சு தானாக நின்றுவிடும்.

ஓசூர், தளி, சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இன்னொரு சங்கதி உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசுகிறவர்கள் கூட்டத்தில் தமிழில் பேச முயன்று, பாதி சொல்லி, பாதியை விழுங்கிவிடுவார்கள். அவரவர் மொழியிலேயே பேசச் சொல்லுங்கள். எல்லைப்புறத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் கிடைக்காமல் போகாது.

மரியாதை என்றால் உப்புச் சப்பில்லாமல் பேசுவது என்று எண்ணிவிடாதீர்கள். தருமபுரிக்குப் பழைய பெயர் தகடூர். இதை ஆண்ட அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் அங்கே பேசியது புறநானூற்றின் 95ஆம் பாட்டாக நமக்குக் கிடைத்திருக்கிறது. உன் ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலோடு அழகாக இருக்கின்றன. எங்கள் தலைவனுடைய வேலோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்றார். ஒரு வசவுச் சொல் கிடையாது. தொண்டைமானைப் பழித்ததாக ஒரு வரியைக்கூடக் காட்ட முடியாது. ஆனால் சொல்ல வேண்டியது முழுவதும் போய்ச் சேர்ந்திருக்கும். கூட்டத்தில் இப்படிப் பேசத் தெரிந்த ஒரு பாட்டி எப்போதும் இருப்பார். அவரைக் கண்டுபிடித்து அழைத்துவாருங்கள். குறை சொல்கிறவரின் காரத்தைக் குறைப்பது உங்கள் வேலை கிடையாது. அது ஆளின் மேல் பாயாமல் விஷயத்தின் மேல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

கத்தல் தொடங்கினால் டீ இடைவேளை விடுங்கள். இரண்டாம் முறையும் கத்தினால் அன்றைக்குக் கூட்டம் முடிந்தது, அடுத்த தேதியைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

ஆறாம் படி: செல்பேசி

கூட்டம் நடக்கும்போதே ஒருவர் பேசியதில் பதினைந்து விநாடியை வெட்டி வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிட்டால் உங்கள் உழைப்பு அத்தனையும் போயிற்று. தொடக்கத்திலேயே கேளுங்கள்: பதிவு செய்வதா வேண்டாமா? செய்வதென்றால் முழுவதையும் இரு தரப்பும் செய்யட்டும். வேண்டாமென்றால் யாரும் செய்யக் கூடாது.

ஊர்க் குழுவில் யாராவது மறு தரப்பைப் பற்றி ஒரு படமோ குரல் பதிவோ போட்டால், அங்கேயே பதில் எழுதாதீர்கள். குழுவில் எழுதுகிற எந்தப் பதிலும் எதிராளிக்கு எழுதுவதாகாது. வேடிக்கை பார்க்கிற இருநூறு பேருக்குக் காட்டுவதாகத்தான் முடியும். போட்டவரை நேராகக் கூப்பிட்டு, இது எங்கிருந்து வந்தது, எந்த ஊரில் எடுத்தது, எப்போது எடுத்தது என்று கேளுங்கள். பாதிப் பேர் அழித்துவிடுவார்கள். பக்கத்து மாநிலத்தின் பழைய வீடியோ நம் ஊர்த் தெருப் பெயரோடு சுற்றுவது புதிதல்ல. இரவு பத்து மணிக்குமேல் வருகிற எதற்கும் காலை வரை பதில் சொல்வதில்லை என்று இரு தரப்பு இளைஞர்களும் சேர்ந்து முடிவு செய்துகொண்டாலே கலவரத்தின் கால் ஒன்று உடைந்த மாதிரி.

ஏழாம் படி: ஒத்துவராவிட்டாலும் உறவு இருக்கலாம்

எல்லாக் கூட்டமும் உடன்பாட்டில் முடியாது. அதைத் தோல்வி என்று அறிவித்துவிடுகிறவர்கள்தான் அடுத்த கூட்டத்தைக் கெடுக்கிறார்கள்.

ராஜாஜி ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர், இந்த மண்ணின் பிள்ளை. 1953இல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி, அதை ஒழிக்கும்வரை ஓயவில்லை பெரியார். அடுத்த ஆண்டு ராஜாஜி பதவி விலகினார், திட்டமும் போனது. 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, தள்ளாத வயதில் சுடுகாடு வரை போய்க் கண்ணீர் விட்டவரும் அதே பெரியார்தான். இதை நட்பின் பெருமையாக மேடைகளில் நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறு: அந்த நட்புக்காகப் பெரியார் எதிர்ப்பில் ஒரு துளியையும் குறைத்துக்கொள்ளவில்லை, ராஜாஜி அதை எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. "பழகிவிட்டோம், இனி எப்படி எதிர்த்துப் பேசுவது" என்று உங்கள் கூட்டத்தில் யாராவது தயங்கினால் அவருக்குச் சொல்லுங்கள்.

உடன்பாடு வராத இடத்தில் குறைந்தபட்சமாக மூன்றைக் கேட்டுப் பெறலாம். அடுத்த கூட்டத்துக்கு ஒரு தேதி. அதுவரை இரு தரப்பும் செய்யாமல் இருக்க ஒப்புக்கொள்கிற ஒரு காரியம்: புதுக் கொடிக்கம்பம் நடுவதில்லை, வால்வில் கைவைப்பதில்லை என்பது மாதிரி. அவசரமானால் கூப்பிட, தரப்புக்கு ஒருவரின் செல்பேசி எண். இந்த மூன்றும் கிடைத்தால் நல்ல கூட்டம்தான்.

எட்டாம் படி: எழுதுங்கள், பிறகு போய்ப் பாருங்கள்

"எல்லாரும் ஒற்றுமையாக இருப்போம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய தாள்கள் வட்டாட்சியர் அலுவலகங்களில் கட்டுக் கட்டாக இருக்கும். அதில் ஒன்றும் இல்லை. யார், எதை, எந்தத் தேதியிலிருந்து, யார் செலவில் செய்வார் என்று எழுதுங்கள். காலை ஐந்தரைக்குக் காலனிப் பக்க வால்வு, ஆறு மணிக்கு மேலத்தெரு வால்வு, ஒற்றைப்படை வாரத்தில் இது, இரட்டைப்படை வாரத்தில் தலைகீழ் என்கிற அளவுக்கு விவரம் வேண்டும். டேங்க் ஆபரேட்டரும் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கும் ஒரு பிரதி வேண்டும். நாளைக்கு அவரைத்தான் இருவரும் மிரட்டுவார்கள்.

சட்டப்படி ஒருவருக்கு உள்ள உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஒரு வரிகூட அதில் வரக் கூடாது. புகாரைத் திரும்பப் பெறுவது, வழக்கில் சாட்சி சொல்லாமல் இருப்பது, கோயிலுக்குள் வராமல் இருப்பது போன்ற வரிகளை யாராவது நைசாகச் சேர்க்கப் பார்ப்பார்கள். அந்த வரி இருந்தால் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். அபராதம் விதிக்கும் வரியும் வேண்டாம். அபராதம் போடுகிற அதிகாரம் உங்களுக்குக் கிடையாது.

ஊராட்சி செய்ய வேண்டிய பகுதி இருந்தால், அதைக் கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் கூட்டம் முடிந்த நாளிலிருந்து அடுத்து வருவது எது என்று பாருங்கள். தீர்மானத்தை இரு தரப்பிலிருந்தும் ஒருவர் முன்மொழிய, மற்றவர் வழிமொழிய வேண்டும். பதிவேட்டில் ஏறியதா என்று அன்றே பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள்.

முதல் பதினைந்து நாளும் விடியற்காலையில் ஒரு நடை நடந்து பார்க்க வேண்டும். எழுதியபடி வால்வு திறக்கிறதா, எந்தத் தெருவில் தாமதம் என்று அதே நோட்டில், அதே இரண்டு பேர் குறிக்கட்டும். மூன்றாம் நாளே ஒருவர் வராமல் போவார். வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அவரை அவருடைய தரப்பு ஆட்களே ஏதாவது சொல்லியிருப்பார்கள், அவர்கள் தெருவில் போய் டீ குடித்தாயாமே என்று. அவருக்குப் பதிலாக வேறு ஆளைப் போடாதீர்கள். மறுநாள் நீங்களும் அவரோடு நடந்து, அந்த டீக்கடையில் அவரோடு உட்காருங்கள்.